2 ஏக்கர் நிலம், குடோன் கட்டி வாடகைக்கு விடலாமா? ரிப்போர்ட் கணக்கும் ரோட்டோர கணக்கும்

2 ஆகஸ்ட் 2025, ராத்திரி 10.40

சித்தப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டுலேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ள தள்ளி 2 ஏக்கர் இருக்கு. தாத்தா காலத்து நிலம், பத்து வருஷமா வெள்ளாமை இல்ல, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. போன வாரம் ஒரு புரோக்கர் வந்து "ஒரு குடோன் போடுங்க ஐயா, மாசம் 10 லட்சம் வாடகை வரும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அதுலேர்ந்து சித்தப்பாவுக்குத் தூக்கம் இல்ல, தினமும் எனக்குப் போன்.

நான் மாதவரத்துல ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல 14 வருஷமா கணக்கு பாக்குறேன். நெட்ல கெடைக்கிற குடோன் மார்க்கெட் ரிப்போர்ட் ஏழெட்டு இந்த வாரம் படிச்சேன், எல்லாமே சென்னையைச் சுத்தி டிமாண்ட் ஏறுதுன்னு தான் சொல்லுது. இந்தியாவுல லாஜிஸ்டிக்ஸ் செலவு, அதாவது சரக்க ஏத்தி எறக்கி, வெச்சு, அனுப்பற செலவு, ஜிடிபில (நாட்டோட மொத்த உற்பத்தில) 14 சதவீதம், வெளிநாட்டுல 8 தான், இந்த வித்தியாசம் குறைய குறைய நல்ல குடோனுக்கு வேலை கூடும்ங்கறாங்க.

என் கணக்கு இது. 2 ஏக்கர்னா 87,120 சதுர அடி. பாதி கட்டினா 43,000. சதுர அடிக்கு 24 ரூபா வாடகைன்னா மாசம் 10 லட்சத்து 32 ஆயிரம், வருஷத்துக்கு 1 கோடியே 24 லட்சம். பிஇபி ஷெட் (ஃபேக்டரில செஞ்ச இரும்புச் சட்டத்த கொண்டு வந்து முடுக்கற கொட்டகை), தளம், காம்பவுண்ட் எல்லாம் சேத்து சதுர அடிக்கு 1,700 ரூபான்னு ஒரு கான்ட்ராக்டர் சொன்னார், மொத்தம் 7 கோடியே 30 லட்சம். போட்ட காசுக்கு வருஷம் 17 சதவீதம் வருது. இது எனக்கே நம்ப முடியல, எங்கயோ ஓட்டை இருக்கு. எங்கன்னு சொல்லுங்க.

3 ஆகஸ்ட்

மொத ஓட்டையை நானே கண்டுபிடிச்சிட்டேன், ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் தான் உறைச்சுது. நிலத்துக்கு வெலையே போடல. சொந்த நிலம் தானே, காசு போட்டு வாங்கலையேன்னு விட்டுட்டேன். ஆனா அத வித்தா காசு வரும்ல? பக்கத்து நிலம் போன வருஷம் ஏக்கர் 1 கோடியே 75 லட்சத்துக்குக் கிரயம் ஆச்சு. அப்ப நம்ம பங்குக்கு 3.5 கோடி. மொத்த முதல் 10.8 கோடி ஆயிடுது, 17 சதவீதம் பதினொன்னரைக்கு எறங்கிடுச்சு.

சித்தப்பாகிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறார். "நிலம் எங்கடா போவுது, அது இருக்கற எடத்துல தான இருக்கு"ங்கறார். அது போகாது சித்தப்பா, ஆனா அதுமேல 7 கோடிக்கு கட்டடம் ஏறிட்டா பேங்க்காரன் பத்திரத்த வாங்கி வெச்சுக்குவான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

6 ஆகஸ்ட்

14 சதவீதம்னு நான் எழுதினது பழைய நம்பர்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. தேடிப் பாத்தேன், நீங்க சொல்றது சரி, நான் எழுதினது தப்பு. 2022-23 பொருளாதார ஆய்வறிக்கையிலயே 14லேர்ந்து 18 வரைக்கும்னு போட்டிருந்ததால யாரும் சந்தேகப்படல. ஆனா 2023 டிசம்பர்ல என்சிஏஇஆர்ங்கற பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம் கணக்கெடுத்து 2021-22க்கு 7.8லேர்ந்து 8.9 சதவீதத்துக்குள்ள தான் இருக்குன்னு சொல்லிடுச்சு. நான் படிச்ச ஏழெட்டுல அஞ்சு ரிப்போர்ட் அதுக்கு அப்புறம் வந்தது, அதுல மூணுல இன்னும் 14ன்னே எழுதி வெச்சிருக்காங்க.

இது எனக்கு ரொம்ப உறுத்துது. செலவு 14 சதவீதமா இருந்து 8க்கு வரணும்னா புதுக் குடோனுக்குப் பெரிய எடம் இருக்குன்னு அர்த்தம். ஏற்கனவே 8 கிட்ட இருந்தா அந்தக் கதையே வேற. ஒரே ஒரு நம்பர், அத நம்பி நம்மள மாதிரி ஆளுங்க நிலத்த அடமானம் வெக்கிறாங்க.

இன்னொன்னும் கவனிச்சேன். இந்த ரிப்போர்ட் போடற கம்பெனிங்க நிறைய பேர் குடோன் வாடகைக்குப் புடிச்சுக் குடுக்கற வேலையும் செய்யறாங்க. பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, நம்பர்லாம் ஒழுங்கா தான் எடுக்கறாங்க. ஆனா அவங்க எண்ணுறது அவங்க வேலை செய்யற பெரிய பார்க்கு, அதாவது ஒரே வளாகத்துல பல குடோன் இருக்கற எடம், மட்டும் தான். உள் ரோட்டுல இருக்கற 20 ஆயிரம், 40 ஆயிரம் அடி ஷெட்டு அந்தக் கணக்குலயே வராது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிட்டர பாத்துட்டு வந்தேன். அடுத்த ஓட்டை ஜிஎஸ்டி, இது பெருசு.

கட்டுமான கான்ட்ராக்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 7.3 கோடிக்கு 1 கோடியே 31 லட்சம். 1,700 ரூபான்னு கான்ட்ராக்டர் சொன்னப்போ "பிளஸ் ஜிஎஸ்டி"ன்னு மெதுவா ஒரு வார்த்தை சொன்னார், நான் அத காதுல வாங்கல. சரி, நாம வாடகைக்கு 18 சதவீதம் வசூல் பண்ணிக் கட்டப் போறோமே, அதுல இத கழிச்சுக்கலாம்னு நெனச்சேன். முடியாது. அசையாச் சொத்து கட்டினா அந்த வரிய திரும்ப எடுக்க முடியாதுன்னு சட்டத்துல 17(5) பிரிவுல தடை இருக்கு.

சஃபாரி ரிட்ரீட்ஸ் தீர்ப்பு வந்துச்சேன்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். புவனேஸ்வர் மால் வழக்கு அது. 2024 அக்டோபர் 3ம் தேதி உச்ச நீதிமன்றம், வாடகைக்கு விடறதுக்குன்னே கட்டற கட்டடம் அந்தத் தொழிலுக்கு ஒரு 'பிளான்ட்' மாதிரி இருந்தா வரிய எடுத்துக்கலாம்னு ஒரு கதவத் திறந்து விட்டுச்சு. சட்டத்துல 'பிளான்ட் அல்லது மெஷினரி'ன்னு இருந்ததால தான் அந்தக் கதவு. 2025 பட்ஜெட்ல அத 'பிளான்ட் மற்றும் மெஷினரி'ன்னு மாத்தி, 2017 ஜூலை 1லேர்ந்தே செல்லும்னு போட்டுட்டாங்க. ஒரு வார்த்தை மாறிச்சு, கதவு சாத்திருச்சு. அந்தத் தீர்ப்ப நம்பி கட்ட ஆரம்பிச்சவங்களுக்கு அது எவ்ளோ பெரிய அடின்னு இப்ப தான் எனக்குப் புரியுது.

இப்ப மொத்த முதல் 12.1 கோடி. வாடகை அதுல 10.2 சதவீதம். இன்னும் ஒரு நாள் கூட காலியா இருக்காதுங்கற கணக்கு தான் இது.

10 ஆகஸ்ட், சாயந்தரம்

மேல எழுதினதுக்கு ஒண்ணு சேக்கணும். லாஜிஸ்டிக்ஸுக்கு கட்டமைப்பு அந்தஸ்து குடுத்திருக்காங்க, குறைஞ்ச வட்டிக்குக் கடன் கெடைக்கும்னு புரோக்கர் சொன்னார். 2017 நவம்பர்ல குடுத்தது உண்மை தான். ஆனா குடோனுக்குக் குறைஞ்சது 25 கோடி முதலீடு, 1 லட்சம் சதுர அடி இருக்கணும். நம்ம 43 ஆயிரம் அடிக்கு அந்தக் கதவே இல்ல.

17 ஆகஸ்ட்

"ஜிஎஸ்டி வந்ததால தானே குடோன் பிசினஸே ஏறிச்சு, நீங்க ஜிஎஸ்டிய குறை சொல்றீங்களே"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி.

2017 ஜூலைக்கு முன்னாடி எங்க ஆபீஸ்ல புக் ஆகற சரக்குல பெரும்பகுதி குடோனுக்குக் குடோன் போறது தான். ஒரு சோப்புக் கம்பெனி சென்னைல ஒண்ணு, பாண்டிச்சேரில ஒண்ணு, பெங்களூர்ல ஒண்ணுன்னு வெச்சிருக்கும். மாநிலம் தாண்டி வித்தா 2 சதவீதம் சிஎஸ்டி (மத்திய விற்பனை வரி) விழும், சொந்தக் குடோனுக்கு மாத்தினா விழாது, அதுக்காகவே மாநிலத்துக்கு ஒரு குடோன். எல்லாம் சின்னச் சின்னது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, 18 அடி உயரம். ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போச்சு. அஞ்சு சின்னதுக்குப் பதிலா ஒரு பெருசு எடுத்தாங்க. பெருசுக்கு ஏறுன டிமாண்ட்ல ஒரு பகுதி சின்னதுலேர்ந்து எறங்குன டிமாண்டு தான். ரிப்போர்ட்ல ஏறுனது மட்டும் தெரியும். எறங்குனது எங்க வீட்டுல தெரிஞ்சுது.

எங்கப்பா 22 வருஷம் லாரி ஓட்டிச் சேத்த காசுல 2011ல செங்குன்றத்துல 6,000 அடி குடோன் ஒண்ணு கட்டினார். 2018ல ஏழு மாசம் பூட்டிக் கெடந்துச்சு. இப்ப ஒரு பிளாஸ்டிக் சாமான் வியாபாரி இருக்கார், மாசம் 66 ஆயிரம். வருஷம் 20 லட்சத்துக்குக் கீழங்கறதால நாங்க ஜிஎஸ்டில பதியல. 2024 அக்டோபர் 10லேர்ந்து பதியாத ஓனரோட கட்டடத்துக்குப் பதிஞ்ச வாடகைதாரரே 18 சதவீதம் கட்டணும்னு வந்துருச்சு. அவர் அத திரும்ப எடுத்துக்கலாம், ஆனாலும் மாசாமாசம் கையிலேர்ந்து மொதல்ல கட்டணும்ல, "கொஞ்சம் வாடகைய பாத்துப் போடுங்க அண்ணே"ன்னு வந்து நின்னார். 4,000 குறைச்சோம்.

24 ஆகஸ்ட்

தளத்தப் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தீங்க, குடோன் தளத்துல என்ன இருக்கு, கான்கிரீட் தானேன்னு. இருக்குங்க, நிறைய இருக்கு.

எங்க செங்குன்றம் குடோன்ல 2019ல தளத்த ஒடச்சுட்டு ட்ரைமிக்ஸ் போட்டோம். கான்கிரீட் போட்டு, வேக்கம் பம்புல தண்ணிய உறிஞ்சி, மேல பிளேடு மிஷின் ஓட்டி வழவழன்னு ஆக்குவாங்க. அதுக்கப்புறம் சீக்கிரமா, பொதுவா ஒரு நாளைக்குள்ள, கட்டர் வெச்சு கட்டம் கட்டமா கோடு அறுக்கணும். கான்கிரீட் எறுகும்போது சுருங்கும், எங்கயாவது விரிசல் விட்டே தீரும், நாம அறுத்த கோட்டுக்குள்ள விடட்டும்னு தான் அந்த வேலை. எங்க கான்ட்ராக்டரோட கட்டர் ஆள் ஊருக்குப் போயிட்டார், மூணாவது நாள் தான் வந்தார். அதுக்குள்ள நடுவுல குறுக்க ஒரு விரிசல், வாசல்லேர்ந்து பின் சுவர் வரைக்கும், மயிரிழை மாதிரி. அப்ப யாரும் பெருசா எடுத்துக்கல.

ஒரு வருஷத்துல கை டிராலி சக்கரம் ஏறி எறங்கி அந்த மயிரிழை விரலளவு ஆயிடுச்சு. இப்பவும் உள்ள போனா டிராலி அத தாண்டும்போது 'டக் டக்'னு சத்தம் கேக்கும், மேல அடுக்கின பக்கெட்டுல நாலஞ்சு ஆடும். லோடுமேன் ஒருத்தர் அந்த எடத்துல மட்டும் டிராலிய நிறுத்தி, முதுக வளைச்சு லேசா தூக்கித் தாண்ட வெப்பார். ஒரு நாளைக்கு நூறு தடவ. அவர் இடுப்புல பெல்ட் கட்டிட்டு வேலை செய்யறத பாக்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமா இருக்கும். இந்தத் தீபாவளிக்கு முன்னாடி அந்தப் பட்டைய வெட்டி எடுத்துட்டு மறுபடி போடறதுன்னு முடிவு பண்ணிருக்கோம்.

பெரிய கம்பெனிக்காரன் கேக்கறது வேற லெவல். 12 மீட்டர் உயரம், சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கற தளம், லாரி பாடி மட்டத்துக்கு நாலடி மேடை, ஸ்பிரிங்ளர். ரேக்க உயரமா அடுக்கி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது கீழ அரை இஞ்சு சாஞ்சா மேல ரேக் உச்சில அது பல இஞ்சு ஆயிடும், அதனால தான் தளத்த அவ்ளோ பாக்கறான்.

7 செப்டம்பர்

ஆர்க்கிடெக்ட் வந்து நிலத்த பாத்தார். 43,000 அடி வராதாம். 40 அடி கன்டெய்னர் டிரெய்லர் ரிவர்ஸ் எடுத்து மேடைல நிக்கணும்னா முன்னாடி பெரிய முற்றம் வேணும், கட்டடத்தச் சுத்தித் தீயணைப்பு வண்டி போக வழி விடணும். 36,000 அடின்னு வரைஞ்சு குடுத்தார். அதோட புலப்படத்துல நிலத்தோட கிழக்கு ஓரமா ஒரு வாய்க்கால் வருது. சித்தப்பாவுக்கே அது தெரியாது, தூந்து போய் வரப்பு மாதிரி இருக்கு. ஏரிக்குப் போற வாய்க்கால், அத மூடிக் கட்டவே கூடாதுன்னு சொல்லிட்டேன். 2023 டிசம்பர் 4ம் தேதி மிக்ஜாம் மழைல எங்க குடோன்ல முழங்கால் தண்ணி, அடில ரெண்டு வரிசை அட்டைப்பெட்டி ஊறி அப்படியே உக்காந்துருச்சு. தண்ணி போற வழிய அடைச்சவன் நாமளா இருக்கக் கூடாது.

அப்புறம் ரோடு. அந்த ஒன்றரை கிலோமீட்டர் ஊராட்சி ரோடு, 16 அடி அகலம், நடுவுல ஒரு பிள்ளையார் கோயில் வளைவு. நாங்க அங்க நின்னுட்டு இருக்கும்போதே செங்கல் லோடு டாரஸ் லாரி ஒண்ணு வந்துச்சு. கிளீனர் பையன் குதிச்சு எறங்கி மூங்கில் கம்பால ஈபி ஒயர தூக்கிப் புடிக்கறான், டிரைவர் கண்ணாடிய மடக்கி இஞ்சு இஞ்சா எடுக்கறார். டாரஸுக்கே இந்தக் கதைன்னா டிரெய்லர் எப்படித் திரும்பும்?

21 செப்டம்பர்

நேத்து மத்திய அரசு லாஜிஸ்டிக்ஸ் செலவு பத்தி புது அறிக்கை விட்டிருக்கு, 2023-24க்கு ஜிடிபில 7.97 சதவீதம். 14ன்னு நான் எழுதினது இன்னும் மேல அப்படியே இருக்கு, அழிக்கல. படிக்கிறவங்க ஆகஸ்ட் 6 குறிப்பையும் சேத்துப் படிங்க.

நாளைலேர்ந்து சிமென்ட் ஜிஎஸ்டி 28லேர்ந்து 18. கட்டற செலவு குறையுமான்னு சித்தப்பா கேட்டார். வீடு கட்டறவங்களுக்கு நல்லா தெரியும். பிஇபி ஷெட்டுல காசு இரும்புல தான் போகுது, அது ஏற்கனவே 18 தான். தளத்துக்கும் அடித்தளத்துக்கும் போற சிமென்ட்ல கொஞ்சம் மிச்சமாகும், அதுவும் கான்ட்ராக்டர் குறைச்சுக் குடுத்தா.

5 அக்டோபர்

வாடகை 24 ரூபாங்கறத நேர்ல போய் விசாரிக்காம இவ்ளோ நாள் கணக்கு போட்டுட்டு இருந்திருக்கேன். ரெண்டு ட்ரான்ஸ்போர்ட் ஆளுங்க, ஒரு பேக்கிங் கம்பெனிக்காரர், மூணு பேருக்கும் நிலத்த காமிச்சேன். 17, 18 ரூபா. மெயின் ரோட்டு மேல பெரிய பார்க்குல தான் அந்த 24. அங்க ஒரே எடத்துல வேபிரிட்ஜ், கேன்டீன், தீயணைப்பு எல்லாம் இருக்கு, உங்ககிட்ட ஒரு ஷெட் மட்டும் தானேன்னு கேக்கறாங்க.

புதுக் கணக்கு: 36,000 அடி, 18 ரூபா, மாசம் 6 லட்சத்து 48 ஆயிரம். வருஷத்துல சராசரியா ஒரு மாசம் காலின்னு வெச்சுக்கலாம், அதுபோக வாட்ச்மேன், இன்சூரன்ஸ், சொத்து வரி, ரிப்பேர் எல்லாம் 9 லட்சம். கைல நிக்கறது 62 லட்சம் சொச்சம். முதல் 6.12 கோடி கட்டடம், 1.1 கோடி ஜிஎஸ்டி, 3.5 கோடி நிலம், 10.7 கோடி. 5.8 சதவீதம். பேங்க் எஃப்டியே ஆறு, ஆறரை தரான். இதுக்குப் போய் 10 சதவீதத்துக்குக் கடன் வாங்கணும்.

சித்தப்பாவுக்குப் போன் பண்ணி சொன்னேன். "அப்ப 17ன்னு சொன்னியேடா"ன்னார். ஆமா சித்தப்பா, நான் தான் சொன்னேன்.

5 அக்டோபர், ராத்திரி

மேல சொன்னத வெச்சு யாரும் குடோனே வேஸ்ட்னு முடிவு பண்ணிடாதீங்க. மெயின் ரோட்டு மேல 10 ஏக்கர், கைல காசு, கட்டறதுக்கு முன்னாடியே வாடகைதாரர் கையெழுத்துன்னு இருந்தா அது வேற. மப்பேடுல 184 ஏக்கர்ல பல்முனை லாஜிஸ்டிக்ஸ் பார்க் வருது, பெங்களூர் எக்ஸ்பிரஸ்வே 262 கிமீ ஸ்ரீபெரும்புதூர்ல வந்து சேருது. இந்தப் பக்கம் சரக்கு கூடும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. உள் ரோட்டு 2 ஏக்கருக்கு அதுல எவ்ளோ வரும்ங்கறது தான் கேள்வி.

2018ல எங்க தாய்மாமா பண்ணத சொல்றேன். சரக்கு வருஷா வருஷம் ஏறும், லாரி பத்தாதுன்னு எல்லா ரிப்போர்ட்டும் சொல்லிட்டு இருந்த நேரம். மார்ச்ல ஃபைனான்ஸ்ல ஒரு டாரஸ் எடுத்தார். ஜூலைல ஆக்சில் லோடு விதிய மாத்தினாங்க, 3 ஆக்சில் வண்டிக்கு மொத்த எடை 25 டன்லேர்ந்து 28.5 டன். ஒரு புது லாரி கூட வாங்காம அந்த மாதிரி லாரிக்கு மூணரை டன் எடம் கூடிருச்சு. வாடகை விழுந்துச்சு. சரக்கு ஏறும்னு சொன்னது சரி தான், ஏறிச்சு. மாமா வண்டிக்குத் தான் லோடு வரல. 19 மாசத்துல ஃபைனான்ஸ்காரன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். மாமா இன்னைக்கும் அந்த நம்பர் பிளேட்ட வீட்டுல வெச்சிருக்கார்.

12 அக்டோபர்

நேத்தும் முந்தாநேத்தும் லீவு போட்டுட்டு ஒரகடம் பக்கம் ஒரு பெரிய பார்க் கேட்டுக்கு எதிர்ல டீக்கடைல உக்காந்து வண்டி எண்ணுனேன். நாப்பது பக்க நோட்டு, பேனா, காலைல 6லேர்ந்து மத்தியானம் 2 வரைக்கும். எந்த ரிப்போர்ட்லயும் கெடைக்காத ஒண்ணு அதுல கெடைச்சுது.

முதல் நாள் 61 வண்டி உள்ள போச்சு. ஆனா எந்த நேரத்துல பாத்தாலும் வெளில ரோட்டோரமா 20, 25 வண்டி நின்னுட்டே இருக்கு. ஸ்லாட் (லோடு எறக்க நம்ம முறை) வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நான் நம்பர் குறிச்சு வெச்ச வண்டிங்க சராசரியா நாலு மணி நேரம் நின்னுச்சு, ஒரு டிரெய்லர் முந்தின நாள் ராத்திரி வந்து நான் கெளம்பற வரைக்கும் நின்னுது.

சங்ககிரிக்காரர் ஒருத்தர், அம்பது வயசு இருக்கும். டிரெய்லருக்கு அடில நிழல்ல சாக்கு விரிச்சு, பக்கவாட்டுப் பொட்டிலேர்ந்து ஸ்டவ்வ எடுத்து வெச்சு, தக்காளி நறுக்கிட்டு இருந்தார். காத்து அடிச்சு அணையாம இருக்க ஸ்டெப்னி டயர சாத்தி மறைச்சிருந்தார். கிளீனர் இல்ல, இப்பல்லாம் ஆளு கெடைக்கறதில்லன்னார். பாத்ரூம் எங்க போவீங்கண்ணேன்னு கேட்டேன். கைய நீட்டி அந்தக் கருவேலங்காட்ட காமிச்சார். "பகல்ல போக மாட்டேன் தம்பி, வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி முடிச்சுக்குவேன், அப்புறம் ராத்திரி தான், அதனால தண்ணி கம்மியா குடிப்பேன்." அக்டோபர் வெயில்ல, பன்னெண்டு மணிக்கு, அவர் சொன்னது இது.

அவர்கிட்ட பில்டி (லோடுக்கான சரக்குச் சீட்டு) வாங்கிப் பாத்தேன். உள்ள போகும்போது தான் கேட்டுல 'இன் டைம்' சீல் அடிப்பாங்க. ஹால்டிங் வாடகை, அதாவது வண்டி காத்து நின்னதுக்கான காசு, கேக்கணும்னா அந்த சீல்லேர்ந்து தான் கணக்கு. ரோட்டுல நின்ன பத்து மணி நேரம் எந்தப் பேப்பர்லயும் இல்ல. அப்ப லாரி எவ்ளோ சீக்கிரம் லோடு எறக்கிட்டுத் திரும்புதுன்னு ரிப்போர்ட்ல போடறாங்களே, அது கேட் சீல்ல எடுத்த நேரமா இருந்தா அதுல இவர் நின்னது இருக்காது. மாநிலங்களோட லாஜிஸ்டிக்ஸ் வசதிய மத்திய அரசு மதிப்பிடற லீட்ஸ் ஆய்வுல, 2024ல தமிழ்நாடு கடலோர மாநிலங்கள்ல சாதனையாளர் வரிசைல இருந்துச்சு, எனக்கு அதுல சந்தோஷம் தான். ஆனா இவர் மாதிரி ஆளுங்களோட காத்திருப்பு யார் கணக்குல வருது? 14 வருஷமா நானே ஹால்டிங் பில் போடறவன், "சீல் இல்ல, காசு கெடையாது"ன்னு எத்தன பேருக்கு சொல்லிருக்கேன். எங்கப்பாவும் இப்படித் தான நின்னிருப்பார்.

இந்த அக்டோபர் 1லேர்ந்து தயாராகற புது லாரி கேபினுக்கு ஏசி கட்டாயம்னு வந்திருக்கு. நல்ல விஷயம். வண்டி நிக்கற எடத்துல ஒரு கக்கூஸும் கட்டாயம்னு யாராவது சொன்னா இன்னும் நல்லாருக்கும்.

26 அக்டோபர்

சித்தப்பாவ கூட்டிட்டுப் போய் அந்த டீக்கடைல உக்கார வெச்சேன். ரெண்டு மணி நேரம் பாத்தார். திரும்பி வரும்போது அவரே கேட்டார், "நம்ம நிலத்துல இவங்கள நிக்க வெச்சா என்னடா?"

சொல்லும்போதே பிள்ளையார் கோயில் வளைவு தான் ஞாபகம் வந்துச்சு. ஆனா நிலத்தோட தெற்குப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்காரர் வழி இருக்கு, 30 அடி, நேரா தார் ரோட்டுல போய் ஏறுது. மாச வாடகை குடுத்தா வழி விடறேங்கறார். முன்னாடியே ஏன் இத யோசிக்கலன்னா, குடோனுக்கு அப்ரூவல் வாங்க அடுத்தவர் வழிய காட்ட முடியாதுன்னு அந்தப் பக்கமே பாக்கல.

9 நவம்பர்

பார்க்கிங் கணக்கு போடுங்கன்னு கேட்டவங்களுக்கு. ஜேசிபி விட்டு முள்ளு எடுத்து, கிராவல் கொட்டி ரோலர் ஓட்டி, கம்பி வேலி, நாலு ஹைமாஸ் லைட்டு, போர், கக்கூஸ் ஆறு, குளிக்கற எடம் நாலு, மொத்தம் 38 லட்சம். வாய்க்கால தூர் வாரி 10 அடி தள்ளி வேலி போடறோம். ராத்திரிக்கு 40 வண்டி, 150 ரூபா, மாசம் 26 நாள்னா 1 லட்சத்து 56 ஆயிரம். வழி வாடகை, வாட்ச்மேன் ரெண்டு பேர், கூட்டறவங்க, கரண்டு போக 80 ஆயிரம் நிக்கும். வருஷம் 9.6 லட்சம்.

நிலத்துக்கும் வெல போட்டா இது ரெண்டரை சதவீதம் தான். ஆகஸ்ட் 3ல நானே அப்படி எழுதிட்டு இப்ப மறைக்கக் கூடாது. எஃப்டிய விடக் கம்மி, குடோன விடக் கம்மி. ஆனா கடன் இல்ல, பத்திரம் சித்தப்பா பீரோல இருக்கு, நாளைக்கே வேற யோசனை வந்தா வேலிய பிரிச்சா போதும். எண்ணூர்லேர்ந்து மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி வரைக்கும் 133 கிமீ சுற்றுவட்டச் சாலை வருது, இந்த ரோடு அதுல ஒரு பகுதி. அது முடியற வரைக்கும் நிலம் கை மாறாம இருக்கட்டும்னு தான் என் எண்ணம். நான் சொல்றதும் தப்பா போகலாம், யாருக்காவது வேற மாதிரி தோணுச்சுன்னா எழுதுங்க.

6 டிசம்பர்

நேத்து ரிசர்வ் வங்கியோட ரெப்போ வட்டி 5.25 சதவீதத்துக்கு எறங்குச்சு. புரோக்கர் மறுபடி போன் பண்ணி "வட்டி கொறஞ்சிருச்சு ஐயா, இப்பவாவது"ன்னாராம். சித்தப்பா "வாடகை 24க்கு எழுதிக் குடுக்கற ஆள மொதல்ல கூட்டிட்டு வா, அப்புறம் வட்டி பேசலாம்"னு வெச்சுட்டார். கக்கூஸுக்கு டைல்ஸ் ஒட்டிட்டு இருக்காங்க.

18 ஜனவரி 2026

பொங்கல் முடிஞ்சு வெள்ளிக்கிழமை தொறந்தோம். முத நாள் 4 வண்டி, நேத்து ராத்திரி 11. கேட்டுல ஒரு நோட்டு வெச்சு வண்டி நம்பர், எந்தக் கம்பெனி லோடு, வந்த நேரம், ஸ்லாட்டுக்குக் கெளம்பற நேரம் எழுதி, டிரைவருக்கு சீல் அடிச்சு ஒரு சீட்டு குடுக்கறோம். அந்த சீட்ட வெச்சு ஹால்டிங் கேட்டா குடுப்பாங்களான்னு தெரியாது, எங்க ஆபீஸ்ல மொதலாளிகிட்ட பேசிட்டேன், நாங்க ஏத்துக்கறோம்.

குளிக்கற எடத்துல தண்ணி காலைல ஆறு மணிக்கே தீந்துருச்சு. இன்னொரு 2,000 லிட்டர் டேங்க் சொல்லிருக்கு, செவ்வாய்க்கிழமை வருது.